கண்ணாடிப் பெட்டியை விட்டு இறங்காத போன்

பர்மாவில், யாங்கோன் நகரத்து அனவ்ரத்தா சாலையில், காளி கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எனக்குப் பழக்கமான போன் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் நம்மவர், தாத்தா காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவர் கடைக் கண்ணாடிப் பெட்டியின் மேல்தட்டில் ஒரு போன் ஒன்றரை வருடமாக உட்கார்ந்திருந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. 108 மெகாபிக்சல் காமிரா, ஓரம் வளைந்த திரை, 12 ஜிபி ராம், 120 வாட் சார்ஜர். அதன் விலைச் சீட்டின் மேல் இன்னொரு சீட்டு, அதன் மேல் இன்னொன்று. நகத்தால் சுரண்டினால் அடியில் 14 தெயின் என்று தெரியும். இங்கே லட்சத்துக்குப் பேர் தெயின். மேலே ஒட்டியிருந்தது 9. அரிசி, எண்ணெய், வீட்டு வாடகை என்று ஊரில் உள்ள எல்லாம் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் இறங்கிய ஒரே விலை அதுதான் என்று நினைக்கிறேன்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைக் கையில் வாங்கிப் பார்ப்பார்கள். தெருவை ஒரு படம் எடுப்பார்கள், பெரிதாக்கிப் பார்ப்பார்கள், பக்கத்தில் நிற்பவரிடம் காட்டுவார்கள். பிறகு கீழ்த்தட்டிலிருந்து வேறொன்றை வாங்கிக்கொண்டு போவார்கள்.

“ஏண்ணே, இதுல என்னதான் குறை?” என்று ஒருநாள் கேட்டேன்.

“குறை ஒண்ணும் இல்ல தம்பி. ‘இதை யாரு வெச்சிருக்கா’ன்னு கேக்குறாங்க. நான் யாரைக் கையைக் காட்டுறது? துணையில்லாத போன்.”

காமிரா, திரை, சார்ஜர் என்று நல்ல கருவிகளை அடுக்கி வைத்த போன்கள் ஏன் படுத்துவிடுகின்றன என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். விளம்பரம் போதவில்லை, விலை அதிகம், நேரம் சரியில்லை என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் ‘துணை’ என்று அவர் சொன்ன சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் பல பெரிய கம்பெனிகளின் கதை சட்டென்று புரிகிறது.

2013 ஜூலையில் நோக்கியா லூமியா 1020 வந்தது. 41 மெகாபிக்சல் காமிரா. அப்போது கடையில் இருந்த ஐபோன் 5இல் 8 மெகாபிக்சல்தான். கருவி என்று பார்த்தால் பக்கத்தில் நிற்க ஆளில்லை. ஆனால் அது ஓடியது விண்டோஸ் போன் என்ற அமைப்பில். ஊரெல்லாம் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த இன்ஸ்டாகிராம் அதில் இல்லை. நான்கு மாதம் கழித்து வந்தது, அதுவும் பீட்டா என்ற பெயரில் அரைகுறையாக. ஸ்னாப்சாட் கடைசி வரை வரவே இல்லை. யூடியூபுக்காக மைக்ரோசாஃப்ட் தானே செய்த ஆப்பை கூகுள் அதே ஆண்டில் தடுத்துவிட்டது. ஆப் செய்பவர்கள் ‘ஆள் வரட்டும், செய்கிறோம்’ என்றார்கள். வாங்குகிறவர்கள் ‘ஆப் வரட்டும், வாங்குகிறோம்’ என்றார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கி முடித்த மைக்ரோசாஃப்ட், 2015 ஜூலையில் 760 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது. உலகின் மிக நல்ல போன் காமிராவை வைத்திருந்தவர்கள் எடுத்த படத்தைப் போட இடமில்லாமல் நின்றார்கள்.

அமேசானின் ஃபயர் போனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2014 ஜூலையில் வந்தது. பார்ப்பவர் முகத்தைத் தொடர முன்பக்கம் நான்கு தனிக் காமிரா. தலையைச் சாய்த்தால் திரையில் உள்ள படமும் சாய்ந்து ஆழம் காட்டும். தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. கூகுள் ப்ளே இல்லை. அமெரிக்காவில் ஒப்பந்தத்தோடு 199 டாலர் என்று தொடங்கியது செப்டம்பரில் 99 சென்ட் ஆயிற்று. நட்டம் 17 கோடி டாலர். அடுத்த ஆண்டில் நிறுத்திவிட்டார்கள்.

அவை வெளிநாட்டுக் கதைகள். பர்மாவில் இருப்பவனுக்கு இந்தப் பாடம் வேறு வழியில் முன்னாலேயே தெரியும். எங்கள் ஊரில் போனை விட சிம் கார்டு விலை கூடுதலாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2000-களில் ஒரு சிம் ஆயிரம் டாலரைத் தாண்டி விற்றது. சிம் வைத்திருப்பது கார் வைத்திருப்பது போல. 2013 ஏப்ரலில் அரசுத் தொலைபேசி நிறுவனமான எம்.பி.டி. மூன்றரை லட்சம் சிம்களை 1500 சாட் விலைக்குக் குலுக்கல் முறையில் விட்டபோது, பேர் விழுந்த வீட்டில் லாட்டரி அடித்த மாதிரி கொண்டாடினார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கியாட் என்று எழுதும் பணத்தை நாங்கள் சாட் என்போம்.

அந்தக் காலத்தில் சிம்மிலும் சாதி இருந்தது. சி.டி.எம்.ஏ. ஒன்று, ஜி.எஸ்.எம். ஒன்று, இரண்டும் வெவ்வேறு அலைபேசி முறைகள். ஒன்றின் போனில் மற்றது வேலை செய்யாது. அதனால் முதலில் எந்த சிம் கையில் கிடைக்கிறது என்று பார்த்து, பிறகு அதற்கேற்ற ஹான்செட் தேடுவார்கள். எங்கள் சித்தப்பாவுக்கு சிங்கப்பூரிலிருந்து மச்சான் ஒருவர் அருமையான போன் கொண்டுவந்து கொடுத்தார். சித்தப்பாவிடம் இருந்தது சி.டி.எம்.ஏ. எண். ஒரு வருடம் அந்தப் போனில் அவர் பாட்டுக் கேட்டார், கோயில் திருவிழாவைப் படம் எடுத்தார், இரவில் டார்ச்சாக வைத்துக்கொண்டார். பேசுவதற்குச் சட்டைப் பையில் இன்னொரு போன், சீனத் தயாரிப்பு, பிளாஸ்டிக் உடம்பு. அந்த நாட்களில் ஹுவாவே இங்கே கொடி கட்டிப் பறந்ததற்குக் காரணம் காமிராவோ திரையோ இல்லை. எங்கள் சி.டி.எம்.ஏ. எண்களுக்குப் பொருந்துகிற போனை எட்டுகிற விலையில் அவர்கள் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான்.

2014 ஆகஸ்டில் ஊரிடூ, செப்டம்பர் கடைசியில் டெலினார் என்று இரண்டு வெளிநாட்டுத் தொலைபேசிக் கம்பெனிகள் வந்தன. சிம் 1500 சாட். கதவு திறந்தது போல ஆயிற்று. பட்டன் போனைத் தொட்டே பார்க்காதவர்கள் நேராகத் தொடுதிரைக்கு வந்தார்கள். போன் வாங்கினால் கடைக்காரரே பேஸ்புக் கணக்குத் திறந்து, பேசவும் செய்தி அனுப்பவும் வைபர் போட்டு, போனிலிருந்து போனுக்கு நேராக அனுப்பும் ஸாப்யாவில் பத்து ஆப் அனுப்பிக் கொடுப்பார். இதோடு இன்னொரு வேலையும் செய்வார். எழுத்து போடுவார்.

எழுத்து விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தமிழில் ‘கே’ என்று எழுதும்போது கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, பிறகு க. ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் ஒதுக்கும் உலகப் பொது முறையான யூனிகோடில் போனுக்குள் முதலில் பதிவாவது க; கொம்பு அதன் பின்னால். திரையில் காட்டும்போது இடம் மாற்றிக் காட்டுவது போனின் பொறுப்பு. அந்தப் பொறுப்பு தெரியாத பழைய போன்களில் கொம்பு தனியாக எங்கோ கிடக்கும், பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்று முழித்துக்கொண்டிருக்கும். பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பர்மிய மொழியிலும் இதே கொம்பு உண்டு. நம் கொம்புக்கு உறவுக்காரன்தான். ஆனால் யூனிகோடு ஒழுங்காகி வரும் முன்பே, 2006, 2007 வாக்கில், ஸாவ்ஜி என்ற ஃபான்ட் இங்கே பரவிவிட்டது. அது கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே எழுத்தை அடுக்கியது, யூனிகோடு பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே எண்களை எடுத்துத் தன் இஷ்டத்துக்கு. ஷான், மோன், கரேன் எழுத்துகளுக்கான இடங்களில்கூடப் பர்மிய எழுத்தின் விதவிதமான வடிவங்களை உட்கார வைத்தது. இரண்டு முறையும் ஒரே எண்களைப் பேசுகின்றன, அர்த்தம் மட்டும் வேறு. ஸாவ்ஜியில் எழுதியதை யூனிகோடு போனில் திறந்தால் எழுத்து குப்புற விழுந்து கிடக்கும்.

உலகத் தரம் என்று பார்த்தால் யூனிகோடு போன்தான் சரியான போன். ஆனால் ஊரே ஸாவ்ஜியில் எழுதியது. சரியான போனை வாங்கியவர் அக்கம்பக்கத்தார் பேஸ்புக்கில் போடுவதைப் படிக்க முடியாமல் திண்டாடினார். சாம்சங்கும் ஹுவாவேயும் இங்கே விற்கும் போன்களில் ஸாவ்ஜி காட்டும்படி செய்து அனுப்பின. அப்படிச் செய்யாத போன்களில் கடைக்காரர் உள்ளே புகுந்து ஃபான்ட் மாற்றிக் கொடுப்பார். மாற்ற விடாமல் பூட்டிய போனைத் திருப்பி மேல்தட்டில் வைப்பார். சென்னையில் படித்துவிட்டு வந்த என் பெரியம்மா மகள் கொண்டுவந்த போனில் தமிழ் அச்சடித்த மாதிரி தெரியும், பர்மியம் நொறுங்கிக் கிடக்கும். அலுவலகத்தில் எல்லாரும் பர்மியத்தில் அனுப்புகிறார்கள். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்து, பாதி விலைக்குத் தள்ளிவிட்டாள். அதற்குப் பதிலாக இங்கே வாங்கிய போனில் பர்மியம் தெரிந்தது. தமிழ் கட்டம் கட்டமாக வந்தது. காளி கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகையை அவளுக்கு யாராவது படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு மொழியும் ஒரே திரையில் ஒழுங்காகத் தெரியும் போனைத்தான் அப்போதெல்லாம் நாங்கள் உயர்ந்த போன் என்போம். எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் அதற்கு ஒரு வரி இருந்ததில்லை.

2019 அக்டோபர் 1ஆம் தேதியை யூனிகோடுக்கு மாறும் நாள் என்று அரசு அறிவித்தது. பேஸ்புக்கும் எழுத்தை மாற்றிக் காட்டும் வசதியைச் சேர்த்தது. அந்தச் சண்டை மெல்ல ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு, முன்பு விலைபோகாத போன்கள் சில திடீரென்று நல்ல போன்கள் ஆயின. கருவி மாறவில்லை, ஊர் மாறியது.

இப்போது அந்த 120 வாட் சார்ஜருக்கு வருகிறேன். வேறு நாட்டில் இது ஆடம்பரம். இங்கே 4 மணி நேரம் கரண்ட், 4 மணி நேரம் இருட்டு என்று முறை வைத்து வாழ்ந்தவர்களுக்கு இது சோறு மாதிரி. விளக்கு எரிந்ததும் தெருவே “மீ லாபி!”, கரண்ட் வந்துவிட்டது, என்று கத்தும். மோட்டார் போட வேண்டும், சோறு வைக்க வேண்டும், துணி தேய்க்க வேண்டும், எல்லா போனையும் சொருக வேண்டும். அரை மணிக்குள் நிரம்பும் போன் வேண்டாம் என்பார்களா? வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். அந்த வேகம் அந்தக் கம்பெனியின் சொந்த சார்ஜரிலும் சொந்த ஒயரிலும் மட்டும்தான் வரும். இங்கே கரண்ட் வரும்போது சாதுவாக வருவதில்லை; ஏறி இறங்கி, ஒரு நாள் சார்ஜரை எரித்துவிட்டுப் போகும். எரிந்தால் அதே சார்ஜர் எங்கே? அதிகம் விற்கும் போன் என்றால் நடைபாதைக் கடையிலேயே தொங்கும். துணையில்லாத போனுக்குக் கிடைப்பது ஏதோ ஒரு பொதுச் சார்ஜர், அதில் சொருகினால் பழைய போனைப் போலத்தான் நத்தையாக ஊரும். பெட்டியில் எழுதிய 120 பெட்டியோடு நின்றுவிடும்.

வளைந்த திரைக்கும் இதே கதி. கையில் வைத்தால் வழுவழுவென்று அழகு. ஆனால் டெம்பர் கிளாஸ் ஓரத்தில் உட்காராது. பசை ஊற்றி, நீல விளக்கில் காயவைத்து ஒட்டும் வகை வேண்டும். அந்த மாடலுக்கு அளவெடுத்த கண்ணாடியை வரவழைத்து வைக்க எந்தக் கடைக்காரருக்கும் மனம் வராது, ஊரில் ஐந்து பேர்தான் வைத்திருக்கிறார்கள் என்றால். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒரு தடவை கீழே விழுந்தால் டிஸ்ப்ளே மாற்ற வேண்டும். டிஸ்ப்ளே இல்லை என்பார்கள், அல்லது போன் விலையில் பாதி கேட்பார்கள். அதிகம் ஓடும் நடுத்தர மாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு போனால், குட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பையன் டீ குடித்து முடிக்கும் நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவான்.

எண்களும் அவ்வளவு நேர்மையானவை இல்லை. 108 மெகாபிக்சல் என்று எழுதிய காமிரா சாதாரணமாக எடுத்துத் தருவது 12 மெகாபிக்சல் படம்தான். சென்சாரில் உள்ள புள்ளிகள் மிகச் சிறியவை. தனித்தனியாக வெளிச்சம் போதாது. அதனால் ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்குகிறது. தவறில்லை, நல்ல உத்திதான். ஆனால் பெரிய சென்சார் வைத்த வேறொரு 12 மெகாபிக்சல் போன் இருட்டில் இதைவிட நன்றாக எடுக்கலாம். ‘8+8 ஜிபி’ ராம் என்பதில் இரண்டாவது எட்டு, சேமிப்பிடத்தில் கடன் வாங்கியது. உண்மையான ராமின் வேகம் அதற்குக் கிடையாது. 5ஜி பற்றி, 4ஜியே மாடிப்படி ஏறினால் நின்றுவிடும் ஊரில் இருந்துகொண்டு, நான் எதுவும் சொல்வதற்கில்லை. வாங்குகிறவர்களுக்கு இந்த விவரம் எல்லாம் தெரியாது என்று கம்பெனிகள் நினைக்கலாம். விவரம் தெரியாவிட்டாலும் ஏமாந்த அனுபவம் தெரியும். போன தடவை பெரிய எண்ணை நம்பி வாங்கிய மாமா வீட்டிலேயே இருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலே, விற்கும் விலை. டாலருக்கு 2100 சாட் என்று அரசு சொன்ன காலத்தில், வெளியே அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கொடுத்தால்தான் டாலர் கிடைத்தது. பணமாக வைத்திருந்தால் கரையும். வசதி உள்ளவன் தங்கம் வாங்குவான், இடம் வாங்குவான். சம்பளக்காரன் கையில் இருக்கும் விலையுள்ள பொருள் போன்தான். அவசரத்துக்கு அதை விற்க முடிய வேண்டும். நான்கு வருடப் பழைய ஐபோனுக்கு இன்று என்ன விலை என்று இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள், பேட்டரி எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்டுவிட்டு. அதே விலைக்குப் புதிதாகக் கிடைக்கும், எல்லா வகையிலும் கூடுதல் கருவி வைத்த வேறொரு போனை ஒரு வருடம் கழித்துக் கொண்டுபோனால் கடைக்காரர் தலையைச் சொறிவார். கழுத்துச் சங்கிலிக்கும் கவரிங்குக்கும் உள்ள வித்தியாசம். கவரிங் பளபளப்பில் குறைந்ததா என்ன?

இந்தக் கண்ணோடு பார்த்தால் எல்ஜியின் முடிவும் புரியும். 2016இல் வந்த ஜி5 போனின் அடிப்பகுதியை உருவி வேறு கருவி சொருகலாம்: காமிராப் பிடி, நல்ல ஒலிக்கு ஒரு துண்டு. யோசனை அருமை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய அந்தத் துண்டு அடுத்த வருடப் போனில் பொருந்துமா என்று வாங்குகிறவர் யோசித்தார். அவர் சந்தேகப்பட்டது சரி. 2017இல் வந்த ஜி6இல் அந்த ஏற்பாடே இல்லை. அதற்கு முந்தைய ஜி4, ஆன் ஆகாமல் திரும்பத் திரும்பத் தொடக்கத்திலேயே சுற்றும் கோளாறில் மாட்டியதை எல்ஜியே 2016 ஜனவரியில் ஒப்புக்கொண்டிருந்தது. ஒரு தடவை கெட்ட பெயர் எடுத்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பது போல, பிறகு வந்த நல்ல போன்களையும் யாரும் நம்பவில்லை. திரையைச் சுழற்றி T போல நிறுத்தும் விங் என்ற போனை 2020இல் விட்டுப் பார்த்தார்கள். 2021 ஏப்ரல் 5ஆம் தேதி போன் தொழிலையே மூடுவதாக அறிவித்தார்கள்.

ஹுவாவே கதைதான் எங்கள் ஊருக்கு மனசை உறுத்துவது. 2019 மேயில் அமெரிக்கா அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் செப்டம்பரில் வந்த மேட் 30 கூகுள் சேவைகள் இல்லாமல் வந்தது. காமிராவில் அப்போது அதை மிஞ்சுவது கடினம். சி.டி.எம்.ஏ. காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த பெயர். கடையில் வந்து கேட்பார்கள்: “யூடியூப் வருமா? ஜிமெயில் வருமா?” சுற்றுவழி இருக்கிறது என்று கடைக்காரர் விளக்கத் தொடங்குவார். விளக்கம் நீளும்போதே வாடிக்கையாளர் கை பக்கத்துப் போனுக்குப் போய்விடும்.

கருவி குறைவாக இருந்தும் ஜெயிக்கிற போன்கள் உண்டா என்றால், டெக்னோ, ஐடெல் என்று விற்கும் டிரான்ஷன் கம்பெனியைச் சொல்வேன். சீனாவில் ஷென்சென்னைச் சேர்ந்தது, ஆனால் பேர் வாங்கியது ஆப்பிரிக்காவில். அங்கே ஆளுக்கு இரண்டு சிம் வைத்திருக்கிறார்கள் என்று கண்டு இரட்டை சிம் கொடுத்தார்கள். கரண்ட் இல்லாத ஊருக்குப் பெரிய பேட்டரி. கறுத்த முகம் காமிராவில் இருட்டாக விழுகிறது என்று கண்டு, அந்த நிறத்துக்கு ஏற்றபடி காமிராவைச் சரிசெய்தார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. எங்கள் குடும்பப் படங்களில் பாதி, போனே தானாகப் போட்டுவிடும் அழகு வடிகட்டியில் எடுத்தவை. பீலிக்கான் கோயில் திருவிழாவில் எடுத்த படத்தில் எங்கள் அப்பாயி, கன்னம் முழுக்க தனகா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய பர்மியப் பாட்டி மாதிரி வெளுத்து நிற்கிறார். “இது யாருடா?” என்று அவரே கேட்டார்.

சென்ற மாதம் கடைக்குப் போனேன். மேல்தட்டில் அந்த இடம் காலியாக இருந்தது. விற்றுவிட்டதா என்று ஆவலோடு கேட்டேன். அண்ணன் கல்லாவுக்கு அடியிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். மூன்று சீட்டும் கிழிக்கப்பட்டு, பின்பக்கம் பசை மட்டும் பிசுபிசுவென்று இருந்தது. அன்று காலையில் வந்த பழைய ஐபோன் ஒன்றைக் கறுப்புத் துணி மேல் படுக்க வைத்து, குனிந்து, அந்த 108 மெகாபிக்சலில் நான்கு கோணத்தில் படம் எடுத்தார். கடையின் பேஸ்புக் பக்கத்தில் விற்பனைக்குப் போடுவதற்காம்.

“கீறல்கூட எவ்வளவு தெளிவா விழுது பாருங்க தம்பி,” என்றார். “இதுல எடுத்துப் போட்டா ரெண்டு மணி நேரத்துல ஆள் வந்துடுது.”